கெளிற்றுக் குஞ்சு வாங்க ஒரு நல்ல கடை: கிளிநொச்சி

வன்னியில் இருந்துகொண்டு தொட்டியில் மீன் வளர்ப்பவர்கள், அதிலும் கெளிறு, அதாவது மீசை வைத்த மீன் ஏதாவது வாங்க நினைப்பவர்கள், கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்தியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருக்கிற அந்தச் சின்னக் கடைக்குப் போய்ப் பாருங்கள். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் நீலத் தறப்பாள், அதன் கீழே சீமெந்துத் தொட்டிகளும் பிளாஸ்டிக் பேசின்களும், உள்ளே கண்ணாடித் தொட்டிகள். ஆரைக் கேட்டாலும் "அக்காவின்ரை மீன் கடையோ, உதாலை நேரை போங்கோ" என்று கை காட்டுவார்கள். மீனை அக்கா பார்க்கிறார், கணவர் தொட்டி ஒட்டிக் கொடுக்கிறார். தொட்டி வேலையும் சுத்தம்தான், ஆனால் நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை. அந்த அக்கா ஒரு குஞ்சைப் பார்த்து, இது இன்ன இனம், இவ்வளவு வளரும், உங்கள் தொட்டிக்குச் சரிவரும் அல்லது சரிவராது என்று சொல்லித்தான் விற்பார். எனக்குத் தெரிய இந்தப் பக்கத்தில் வேறு எந்தக் கடையிலும் இது இல்லை.

பெரும்பாலான கடைகளில் கெளிற்றுக் குஞ்சுகளுக்கு மொத்தமே நான்கு பெயர்தான். பக்கம் பளபளத்தால் ஷார்க். கண்ணாடியில் ஒட்டினால் டாங்க் கிளீனர். அடியில் கிண்டித் திரிந்தால் கோரி. மிச்சமெல்லாம் கேட்ஃபிஷ். எல்லாம் இரண்டு அங்குலம், எல்லாம் வடிவு, சில இடங்களில் எல்லாமே ஒரே பேசின். ஆனால் அந்த இரண்டு அங்குலக் குஞ்சுகளில் ஒன்று பத்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும், பக்கத்தில் நிற்பது ஒரு மீட்டரைத் தாண்டும். வாங்குகிற ஆளுக்கு அது தெரியாது, விற்கிற ஆளுக்குத் தெரிந்தாலும் சொல்வதில்லை. சொன்னால் விற்காதே.

ஒட்டுசுட்டானில் இருக்கிற என் தம்பி முறையான ஒருவன் வேறொரு ஊரில், வேறொரு கடையில், பிள்ளைக்கு என்று நான்கு "ஷார்க்" குஞ்சு வாங்கினான். இரண்டடித் தொட்டி என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறான், "அது தொட்டிக்கு ஏத்த மாதிரித்தான் தம்பி வளரும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இந்த ஒரு பொய்யை மட்டும் தயவுசெய்து யாரும் நம்பாதீர்கள், தொட்டி சிறிது என்பதற்காக எந்த மீனும் நல்லபடியாகச் சிறிதாக நின்றுவிடாது, கூனிக் குறுகி நோயில் விழும், அவ்வளவுதான். அவனுடைய மீன்கள் வளர வளர, ஆள் நடந்துபோகிற நிழலுக்கே வெருண்டு ஓடிக் கண்ணாடியில் மோதின, மூக்கெல்லாம் காயம். கடைசியில் யாரோ குளத்தில் விடச் சொன்னார்களாம். நல்லவேளை என்னிடம் கேட்டான். அந்த நான்கையும் கிளிநொச்சி அக்காதான் எடுத்துக்கொண்டார், காசு எதுவும் வாங்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அந்த மீன் பங்காசியனோடோன் ஹைப்போஃப்தால்மஸ். மீகாங், சாவோ பிரயா ஆறுகளின் மீன், கூட்டமாக நீந்துவது, முழுதாக வளர்ந்தால் 130 சென்டிமீட்டர் வரை, 44 கிலோ வரை போன பதிவு உண்டு. வியட்நாமில் பண்ணை பண்ணையாக வளர்த்து முள் எடுத்த துண்டாக உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிறார்கள். சாப்பாட்டு மீனை இரண்டடித் தொட்டிக்குள் போட்டால் என்ன ஆகும்? குஞ்சில் இதைக் கண்டுபிடிப்பது கடினமே இல்லை: வெள்ளி உடம்பில் பக்கவாட்டுக் கோட்டோடு ஒரு கறுப்புப் பட்டை, அதற்குக் கீழே இன்னொரு பட்டை, இரண்டு சோடி மீசை, செதில் இல்லை. வளர்ந்தபிறகு அந்தப் பட்டைகள் மறைந்து வெறும் சாம்பல் நிறமாகிவிடும், அந்த மினுமினுப்பும் போய்விடும்.

ஷார்க் என்ற இதே பெயரில் இன்னொன்றும் வரும். செட்டை கறுப்பு, அதன் நுனி வெள்ளை, மீசை மூன்று சோடி. அது அரியோப்சிஸ் சீமன்னி, மத்திய, தென் அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆற்றுமுகங்களில் இருப்பது. குஞ்சாக நல்ல தண்ணீரில் ஓடித் திரியும், வளர வளர உப்புக் கலந்த தண்ணீர் கேட்கும், ஓரடிக்கு மேல் வரும். அக்கா கடையில் இது இருந்ததில்லை. "உப்புத் தண்ணி வைச்சுப் பாக்கிற ஆக்கள் இஞ்சை ஆர் இருக்கினம், சும்மா சாகக் குடுக்கிறதோ" என்றார். பாலா ஷார்க், ரெட் டெயில் ஷார்க் இரண்டும் கெளிறே இல்லை, செதில் வைத்த கெண்டைக் குடும்பம், அதனால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

இப்போது அதிகம் விற்கிற விஷயத்துக்கு வருகிறேன், டாங்க் கிளீனர். பாசி பிடித்தால் எல்லோரும் ஓடிப்போய் வாங்குவது இதைத்தான். இந்தக் கடையில் இரண்டு வகை வேறு வேறு தொட்டியில் இருக்கும். ஒன்று வழக்கமான டாங்க் கிளீனர், டெரிகோப்ளிக்திஸ் இனம், விலை குறைவு. மற்றது பிரிஸ்டல்நோஸ், அன்சிஸ்ட்ரஸ், அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் விலை. இரண்டும் ஓரங்குலக் குஞ்சாக இருக்கும்போது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, அதனால் "ஏன் அக்கா ஒரே மீனுக்கு ரெண்டு விலை" என்று கேட்காத ஆளே இல்லை. அக்கா அதற்குப் பதில் வாயால் சொல்வதில்லை, எடுத்துக் காட்டுவார்.

அது எப்படி என்றால், வலை போடமாட்டார். பிரிஸ்டல்நோஸின் கன்னத்தில் சின்னச் சின்னக் கொக்கி முட்கள் மடங்கிக் கிடக்கும், பயந்தால் வெளியே விரியும், வலையில் சிக்கினால் பிரித்தெடுப்பதற்குள் மீன் பாதி செத்துவிடும். ஒரு தெளிந்த பிளாஸ்டிக் கோப்பையைத் தொட்டிக்குள் சாய்த்து மெல்ல அள்ளுவார். பிறகு அந்தக் கோப்பைக்குப் பின்னால் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு முதுகுச் செட்டை நிமிரும் வரைக்கும் பேசாமல் நிற்பார். டாங்க் கிளீனருக்கு அது விரிந்தால் பனையோலை விசிறி மாதிரி உயர்ந்து அகன்று நிற்கும், முன்னால் இருக்கிற தடித்த முள்ளை விட்டுவிட்டு மென்கதிர்களை எண்ணினால் பத்து, பதினொன்று, அதற்கு மேலும் வரும். பிரிஸ்டல்நோஸுக்கு ஏழுதான், செட்டையும் சிறிது. டோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகத் தெரிகிறது, ஒரு சின்னப் பிள்ளையால்கூட எண்ண முடியும். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பொடியன் எண்ணிச் சரியாகச் சொன்னான், அவனுடைய அப்பா இரண்டு பிரிஸ்டல்நோஸ் வாங்கிக்கொண்டு போனார்.

எண்ணிக்கை மட்டும் போதாது. புத்தகங்களில் வருகிற பழைய "பிளெக்கோ", ஹைப்போஸ்டோமஸ், அதற்கும் ஏழு கதிர்தான். நம் ஊர்க் கடைகளுக்கு அது வருவது குறைவு, என்றாலும் வரலாம். அப்போது தலையைப் பார்க்க வேண்டும். பிரிஸ்டல்நோஸின் தலை மேலிருந்து பார்த்தால் அகன்று தட்டையாக இருக்கும், மூக்கின் ஓரத்தில் எலும்புத் தகடு இல்லாமல் வெறும் தோலாக இருக்கும், அந்த இடத்தில்தான் பிறகு தும்பு, மீசைபோன்ற தோல் இழை, முளைப்பது. ஆணுக்கு நீளமாக, நெற்றி வரைக்கும் கிளைத்து வரும், பெண்ணுக்கு ஓரத்தில் மட்டும் சிறிதாக வரும், அல்லது வராமலே விடும். ஆனால் இரண்டு அங்குலம் தாண்டும் வரைக்கும் பெரும்பாலும் எதுவும் தெரியாது, ஆகவே "தும்பு இல்லையே, இது பிரிஸ்டல்நோஸ் இல்லை" என்று குஞ்சைப் பார்த்துச் சண்டை பிடிக்கக் கூடாது. குஞ்சுக்கு வேறு அடையாளம் இருக்கிறது: கறுப்பு உடம்பில் தூவிய சின்ன வெளிர்ப் புள்ளிகள், வால் முனையிலும் முதுகுச் செட்டை முனையிலும் மெல்லிய வெள்ளை. நல்ல வெளிச்சத்தில் அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும்.

சரி, தெரிந்து என்ன பயன்? பிரிஸ்டல்நோஸ் 12, 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், இரண்டரை அடித் தொட்டியில் ஆயுள் முழுக்க இருக்கும், வெள்ளரிக்காய்த் துண்டு, பூசணித் துண்டு, ஒரு மரக்கட்டை போதும். டாங்க் கிளீனர் ஒன்றரை அடியைத் தொடும். பெருத்த பிறகு பாசியை விட்டுவிட்டுப் போட்ட தீனிக்குத்தான் அலையும், சிலது இரவில் கோல்ட்ஃபிஷ்ஷின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பைச் சுரண்டும், அது கழிக்கிற கழிவிலேயே தொட்டி நாறும். டாங்க் கிளீனருக்குள்ளும் இனம் பிரிக்கலாம். வயிற்றைத் திருப்பிப் பார்த்தால் தனித்தனிப் புள்ளி இருந்தால் பர்டாலிஸ், புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து புழு நெளிந்த கோடாக இருந்தால் டிஸ்ஜங்க்டிவஸ் என்பார்கள். குஞ்சில் இது தெளிவாக இருக்காது, கலப்பும் நிறைய. அக்கா இதைப் பொருட்படுத்துவதில்லை, எதுவென்றாலும் ஒன்றரை அடிதானே என்கிறார். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. உடம்பெல்லாம் சிறுத்தைப் புள்ளியோடு, பிடரியில் மேடு தூக்கி வருகிற ஜிபிசெப்ஸ் மட்டும் சின்னதிலேயே தனியாகத் தெரியும், அழகில் அதை அடிக்க ஆள் இல்லை, ஆனால் அதுவும் அரை மீட்டர் மீன்.

தலைகீழ் கெளிறு கேட்டுப் போகிறவர்கள் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள், ஏனென்றால் இந்தக் கடையிலேயே இதில் ஒரு குழப்பம் இருந்தது. தலைகீழாக நீந்துகிற சினோடோன்டிஸ் நிக்ரிவென்ட்ரிஸ் கொங்கோ ஆற்று மீன், பத்து சென்டிமீட்டரைத் தொடுவதே அரிது, சாந்தமானது, நான்கைந்தாக வைத்தால் மாலையில் வெளியே வந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் மல்லாந்து மேயும். இதன் வயிறு முதுகைவிடக் கறுப்பு, அதுதான் அடையாளம், மற்ற மீன்களுக்கு வயிறு வெளிறி இருக்கும், இது தலைகீழாகத் திரிவதால் நிறமும் மாறி வந்திருக்கிறது. இதன் பெயரில் சினோடோன்டிஸ் யூப்டெரஸ் குஞ்சுகளை அனுப்பிவிடுகிறார்கள். குஞ்சு யூப்டெரஸுக்கு உடம்பில் கறுப்பும் வெளிறலுமாக நெளிகோடுகளும் பட்டைகளும் இருக்கும், வளர்ந்ததும் அதெல்லாம் போய்ப் புள்ளியாகிவிடும், முதுகுச் செட்டையில் நீள நீளமாக இழைகள் வரும். குஞ்சில் அந்த இழை இல்லாததால் பார்த்தவுடன் பிடிபடாது. இரண்டுக்குமே கீழ்த்தாடை மீசை இறகுபோலக் கிளைத்திருக்கும், அதனால் மீசையை வைத்தும் சொல்ல முடியாது. வயிற்றைத்தான் பார்க்க வேண்டும். யூப்டெரஸும் அவ்வப்போது மல்லாக்க நீந்தும், அதைப் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. அது இருபது சென்டிமீட்டருக்கு வருகிற மீன், இடத்துக்குச் சண்டை பிடிக்கும், சின்ன மீன் இருக்கிற தொட்டிக்கு ஆகாது.

நான் பார்த்த பேசினில் இரண்டும் கலந்து கிடந்தன. சொன்னதும் அக்கா முகம் சுளிக்கவில்லை. கோப்பையை எடுத்து ஒவ்வொன்றாக அள்ளிக் கீழே இருந்து பார்த்தார், வெளிறிய வயிறு எல்லாவற்றையும் வேறு பேசினுக்கு மாற்றினார், அன்றைக்கு வந்திருந்தவர்களிடம் இது வேற, பெரிசா வரும் என்று சொல்லியே விற்றார். கொழும்புப் பக்கத்துப் பண்ணைகளில் இருந்து இரவு பஸ்ஸில் பெட்டி வரும்போது பையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் பேசினில் விடுகிறார்கள், வந்த உடனே பிரித்துப் பார்க்க நேரம் இல்லை என்றார். நியாயம்தான், ஆனாலும் வந்த அன்றே பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். காசு கொடுத்து வாங்குகிறவர் எல்லோரும் வயிற்றைப் பார்க்கிறவர் இல்லை.

கோரி என்று சுருக்கிச் சொல்கிற கோரிடோரஸ் பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அடியில் கூட்டமாகத் திரிகிற, இரண்டு வரிசை எலும்புத் தகடு போர்த்த சின்ன மீன்கள், இடைக்கிடை சடாரென மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும், குடலால் மூச்சு விடக்கூடிய மீன், அதைப் பார்த்து மீனுக்கு ஒக்சிசன் இல்லை என்று பயப்பட வேண்டாம். இங்கே பித்தளை நிறக் கோரி, மிளகு தூவியதுபோன்ற கோரி, பாண்டா, ஸ்டெர்பை என்று நான்கு இருந்தன. முக்கால் அங்குலத்தில் பித்தளையும் மிளகும் ஒன்றாகவே இருக்கும், பித்தளைக் கோரிக் குஞ்சுக்கும் உடம்பில் திட்டுத்திட்டாக இருக்கும், வளர்ந்த பிறகுதான் அது மறைந்து பச்சை கலந்த மினுக்கம் வரும். மிளகுக் கோரி, பாலியாட்டஸ், டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் பிடித்துக்கொண்டுபோன மீன்களில் ஒன்று, 1842இல் ஜெனின்ஸ் என்ற ஆய்வாளர் பெயரிட்டார். 2024இல் ஆய்வாளர்கள் கோரிடோரஸைப் பல பேரினமாகப் பிரித்துவிட்டார்கள், பித்தளை இப்போது ஒஸ்டியோகாஸ்டர், மற்ற மூன்றும் ஹோப்லிசோமா, ஆனால் விலைப் பட்டியலில் எல்லாம் கோரிடோரஸ்தான், கடையில் அப்படியே கேளுங்கள்.

இனம் தெரிவது இங்கே ஏன் முக்கியம் என்றால் நம்முடைய வெயில். வைகாசி, ஆனியில் கிளிநொச்சி வீட்டுக்குள் இருக்கிற தொட்டித் தண்ணீர்கூட 30 பாகையைத் தொடுகிறது. மிளகுக் கோரிக்கும் பாண்டாவுக்கும் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், 25க்கு மேல் நீண்ட நாள் தாங்காது. ஸ்டெர்பை சூடு தாங்கும், 28 பாகையிலும் சுறுசுறுப்பாக இருக்கும். அக்கா எடுத்த எடுப்பில் கேட்டது, "தொட்டி எந்த அறையிலை, தகரக் கூரையோ ஓடோ?" என்றுதான். தகரம் என்றால் பாண்டாவைக் காட்டவே மாட்டார். ஸ்டெர்பையின் அடையாளம், கறுத்த தலையில் வெள்ளைப் புள்ளி, மார்புச் செட்டையின் முள் செம்மஞ்சள். குஞ்சில் அந்தச் செம்மஞ்சள் மங்கலாக இருக்கும், தலைப் புள்ளியைப் பாருங்கள். வெளிறிய தலையில் கறுப்புப் புள்ளி என்றால் அது ஹரால்ட்ஷுல்சி, வேறு மீன்.

ஜூலி கோரி என்று வேறெங்காவது விற்றால் அநேகமாக அது டிரைலினியாட்டஸ். உண்மையான ஜூலி பிரேசிலின் வடகிழக்குக் கரையோர ஆறுகளில் இருந்து வருவது, தலையில் தனித்தனிப் புள்ளி. டிரைலினியாட்டஸ் மேல் அமேசன் பக்கம், தலையில் புள்ளிகள் இணைந்து வலைபோல ஓடும். குஞ்சில் கோடுகள் இன்னும் முழுதாக இணையாமல் இருப்பதும் உண்டு. இரண்டும் நல்ல மீன்தான், ஆனால் ஜூலி விலைக்கு டிரைலினியாட்டஸ் வாங்காதீர்கள்.

கோரித் தொட்டியில் எனக்கு ஒரு குறை. கீழே கொட்டியிருந்தது உடைத்த கருங்கல், கூரான விளிம்பு. மிளகுக் கோரிகளில் சிலவற்றுக்கு மீசை தேய்ந்து அரைவாசிதான் மிச்சம் இருந்தது. மீசையால் தேடித் தின்கிற மீனுக்கு இது கொடுமை. ஆற்று மணல் போட்டால் போதும், கனகராயன் ஆற்றங்கரையில் இல்லாத மணலா? சொல்லிவிட்டுத்தான் வந்தேன், மாற்றினார்களா என்று போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வாங்கும்போது ஒவ்வொன்றின் வாயையும் பாருங்கள், இரண்டு பக்கமும் மீசை முழுதாக இருக்கிற மீனை மட்டும் கேட்டு வாங்குங்கள், அக்கா முணுமுணுக்காமல் பொறுக்கித் தருவார்.

பொதி செய்வதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கெளிறுகளுக்குச் செட்டை முள் பொலித்தீனைக் குத்திவிடும், அதனால் இரட்டைப் பை, கீழ் மூலைகளில் டேப் ஒட்டி வட்டமாக்கி, பழைய பத்திரிகையில் சுற்றித் தருகிறார்கள். புதுக்குடியிருப்பு வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோன ஒருவர் ஒன்றும் சாகவில்லை என்றார். கண்ணாடிக் கெளிறு வாங்கினால் மட்டும் தூரப் பயணம் வேண்டாம், அது சீக்கிரம் சோர்ந்துவிடும். உடம்பு ஊடாக முள்ளந்தண்டு தெரிகிற இந்தத் தாய்லாந்து மீனைப் பல பத்தாண்டுகளாகக் கடைகள் வேறு பெயரில் விற்றுவந்தன, 2013இல்தான் கிரிப்டோப்டெரஸ் விட்ரியோலஸ் என்று முறையான பெயர் கிடைத்தது. அதை அடையாளம் காண்பதில் சிரமம் எதுவும் இல்லை, விட்டுவிடுகிறேன்.

கடையின் பின்பக்கம் ஒரு பேசினில் செம்பழுப்பு நிறத்தில் நீளக் குஞ்சுகள் கிடந்தன. விலை கேட்டேன், விற்கிறதில்லை என்றார். சுங்கான் குஞ்சு. வயலில் தண்ணீர் வற்றும்போது பொடியள் பிடித்துக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுக்கிறார்களாம், இவர் வளர்த்து மழை வந்ததும் திரும்ப விடுகிறார். குஞ்சில் சிவந்து இருக்கும், வளர்ந்தால் ஈயக் கறுப்பு. நான்கு சோடி மீசை. முதுகுச் செட்டை முன்னால் ஒரு சின்னத் துண்டு மட்டும், வயிற்றுப் பக்கத்துச் செட்டை மட்டும் வால் வரைக்கும் நீளம். கிளாரியஸ் கெளிறும் இதே வடிவம், அதற்கு முதுகுச் செட்டையும் வால் வரை ஓடும், இந்த ஒன்றை வைத்தே இரண்டையும் பிரிக்கலாம். சுங்கானின் மார்புச் செட்டை முள்ளில் நஞ்சு இருக்கிறது, குஞ்சு குத்தினாலும் கை விண்விண் என்று வலிக்கும், வயலில் மிதித்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்று கையால் அள்ள விடாதீர்கள்.

அக்கா வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார் என்று மேலே சொன்னேன் அல்லவா, இந்தக் கடைக்கு நான் வக்காலத்து வாங்குவதற்கு அதுதான் பெரிய காரணம். டாங்க் கிளீனர் பெருத்ததும் பாவம் பார்த்துக் குளத்தில் விடுகிறார்கள். அது சாவதில்லை. காற்றை விழுங்கி வாழும், எலும்புக் கவசம் இருப்பதால் நாரை கொக்கு விழுங்குவதும் கஷ்டம், கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டை இடும். இலங்கையின் உள்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. மெக்சிகோவில் இன்ஃபியர்னியோ என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் திலாப்பியா பிடித்துப் பல ஊர்கள் பிழைத்துவந்தன, இந்த மீன் பெருகிய பிறகு வலையில் விழுவதில் பெரும்பகுதி இதுதான், முள்ளில் சிக்கி வலையும் கிழிந்தது, தொழிலே விழுந்துவிட்டது. நம்முடைய இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாவற்றிலும் குளத்து மீன்காரர் திலாப்பியாவை நம்பித்தான் தோணி இறக்குகிறார்கள், 1952இல் இலங்கைக்கு வந்த அந்த மீன்தான் இன்று அவர்களுடைய சோறு. அவர்களுடைய வலையில் நம் வீட்டுத் தொட்டி மீன் போய்ச் சிக்கக் கூடாது. குளத்தின் கட்டைக் குடைகிற மீனைக் குளத்தில் விடுவது வயல் செய்கிறவனுக்கும் செய்கிற அநியாயம்.

திரும்ப எடுப்பதற்குக் காசு கேட்பதில்லை, இடம் இருந்தால் எடுப்பார், இல்லையென்றால் சீமெந்துத் தொட்டி வைத்திருக்கிற ஆட்களைக் கேட்டுச் சொல்வார். ரெட் டெயில் கேட்ஃபிஷ்ஷை மட்டும் திரும்ப எடுக்கமாட்டார், விற்கவும் மாட்டார். அமேசன் மீன், ஒரு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும், கூட இருக்கிற எதையும் விழுங்கும். வேறெங்காவது குஞ்சைக் கண்டால், வாலின் சிவப்பை மட்டும் தேடாதீர்கள், சின்னதில் அது மங்கலாக இருக்கலாம். மேலே கறுத்த உடம்பு, பக்கத்தில் வாயில் இருந்து வால் வரை அகன்ற வெள்ளைப் பட்டை, அகன்ற தலை, நீளமான மீசை. கண்டால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தொட்டிகளில் பெயர் எதுவும் எழுதி ஒட்டவில்லை, எல்லாம் அக்காவின் தலைக்குள்தான். அவர் இல்லாத நேரம் கடையில் நிற்கிற தம்பி நல்ல பிள்ளை, ஆனால் எதைக் கேட்டாலும் "உது டாங்க் கிளீனர் அண்ணை" என்பான், பிரிஸ்டல்நோஸ் விலைக்கு மற்றதை எடுத்துத் தரவும் வாய்ப்பு இருக்கிறது. ஒரு சின்ன மட்டையில் பெயரும் வளரும் அளவும் எழுதி ஒட்டினால் இந்தப் பிரச்சினை தீரும். விலை மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூட. நான் போன நேரம் பிரிஸ்டல்நோஸ் குஞ்சு 350 ரூபாய், டாங்க் கிளீனர் 150, ஸ்டெர்பைக்கு அதைவிட நல்ல விலை. சொல்லித் தருவதற்கும் திரும்ப எடுப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு என்று நினைத்துக் கொடுக்கலாம். மருந்து, தீனி வகையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஹீட்டர் கேட்டால் சிரிப்பார்கள்.

போகிறவர்கள் காலையில் போங்கள், அக்கா மத்தியானம் வரைக்கும்தான் நிச்சயமாக நிற்பார். பெட்டி வருகிற நாளுக்கு அடுத்த நாள் போக வேண்டாம், மீன்கள் பயணக் களைப்பில் நிறம் வெளிறி இருக்கும், வெளிறிய குஞ்சில் பட்டையும் புள்ளியும் சரியாகத் தெரியாது, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் போனால் நிறம் திரும்பியிருக்கும். உங்கள் தொட்டியின் நீளம் அகலம் அளந்து எழுதிக்கொண்டு போங்கள், கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்றும் கேட்பார், கேத்திலில் வெள்ளை படிகிற கிணறு என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். கைபேசி டோர்ச் போதும், தெளிந்த கோப்பை அங்கேயே இருக்கிறது.